தையல் சொல் கேட்போம்

முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்த அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘விவசாயக் கூலி’ என்று எழுதினேன். ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில், யோசிக்கக்கூட இல்லை, ‘இல்லத்தரசி’ என்று எழுதினேன். அந்தப் படிவத்தோடு கட்டிய பணம் அம்மாவின் சுருக்குப்பையிலிருந்து வந்தது. சுருக்குப்பைக்குள் அது எப்படி வந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே எழுதினேன்.

எங்கள் ஊர் கம்மாபுரம். விருத்தாசலத்திலிருந்து பஸ்ஸில் ஒரு துணிப்பை வரும். உள்ளே பதினைந்து, இருபது ரவிக்கைகள். கடைக்காரர் வெட்டி, மிஷினில் ஓட்டி அனுப்பியிருப்பார். கழுத்துக்கும் கைக்கும் எம்மிங் செய்ய வேண்டும். கொக்கி வைக்க வேண்டும். கொக்கி மாட்ட நூலால் கண் கட்ட வேண்டும். தொண்ணூறுகளில் ஒரு ரவிக்கைக்கு ஒரு ரூபாய். சேலைக்கு ஃபால்ஸ் வைத்தால் மூன்று ரூபாய். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் அம்மா தூங்கி நான் பார்த்ததில்லை. வானோரத்தில் நெய்வேலியின் வெளிச்சம் தெரியும்; எங்கள் தெருவில் மின்சாரம் போயிருக்கும். சிம்னி விளக்கை முழங்காலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு தைப்பாள். மறுநாள் பகலில் யாராவது வந்து ‘என்ன பண்ற?’ என்று கேட்டால் ‘சும்மாதான் இருக்கேன்’ என்பாள்.

அந்தச் ‘சும்மா’வைத்தான் நான் ‘இல்லத்தரசி’ என்று நல்ல தமிழில் பெயர்த்து எழுதினேன். அரசி என்ற சொல்லுக்கு அதைவிடக் கேவலமான பயன்பாடு வேறு இருக்க முடியாது.

இத்தனை ஆண்டுகள் கழித்து இதை எழுதக் காரணம் ஒரு மாணவி. என்னைப் போலவே கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்தவள். முதுகலை ஆய்வேட்டுக்கு அவள் சொன்ன தலைப்பு, எங்கள் வட்டாரத்தில் வீட்டிலிருந்து கையால் தைக்கும் பெண்களின் சொற்களும் வாழ்க்கையும். நாற்பது பக்க நோட்டில் எழுதியே கொண்டுவந்துவிட்டாள். எந்தத் தையலுக்கு என்ன பெயர், நூல் சிக்கினால் என்ன சொல்வார்கள், கூலி பாக்கி வைப்பவரை என்ன சொல்லித் திட்டுவார்கள், எல்லாம் இருந்தது. தலைப்பை முடிவுசெய்யக் கூடியவர்களில் ஒருவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதுல இலக்கியம் எங்கம்மா இருக்கு? இது கைவேலை. மனையியல் துறைல கொண்டுபோய்க் குடு.” மற்றவர்கள் சிரித்தார்கள். நான் வாதாடினேன், ஆனால் போதுமான அளவு வாதாடவில்லை. அவள் ஒரு நாவலில் பெண் பாத்திரங்கள் என்று எழுதிக் கொடுத்துத் தேர்ச்சி பெற்றுவிட்டாள். நோட்டு என்னிடம் இருக்கிறது. அன்று அந்த மேசையில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

*

இதில் இலக்கியம் எங்கே என்று கேட்டவர் தமிழ் படித்தவர். அவருக்குத் தமிழிலேயே பதில் சொல்ல வேண்டும்.

நாம் படிப்பது நூல். தைப்பதும் நூலால்தான். பனுவல் என்றால் பஞ்சிலிருந்து நூற்ற நூல். பிறகுதான் அது புத்தகம். பா என்றால் செய்யுள். தறியில் நீள வாக்கில் ஓடும் பாவும் அதே பாதான். கதையின் இழை என்கிறோம், சொல்லைக் கோத்தான் என்கிறோம். இலக்கியத்தைப் பற்றிப் பேச நமக்கிருக்கும் சொற்களில் பாதி, பஞ்சோடும் இழையோடும் கிடந்த கைகளிடமிருந்து கடன் வாங்கியவை.

நன்னூல் இதை மறைக்கவில்லை. நூல் என்ற பெயர் ஏன் வந்தது என்று அதன் பாயிரம் ஓர் உவமை சொல்கிறது. சொற்கள் பஞ்சு, செய்யுள் இழை, வாய்தான் கை, அறிவுதான் கதிர். அப்படியானால் புலவன் யார்? நூற்கும் பெண். இலக்கண ஆசிரியர் புலவனுக்கு உவமை தேடியபோது அரசனிடமோ உழவனிடமோ போகவில்லை, நூற்கிற பெண்ணிடம் போனார். புலவனைப் புரிந்துகொள்ள அவள் தேவைப்பட்டாள். புரிந்துகொண்ட பிறகு தேவைப்படவில்லை. உவமானம் வீட்டுக்குப் போய்விட்டது, உவமேயம் மேடையில் உட்கார்ந்திருக்கிறது.

புறநானூற்றின் 326ஆம் பாட்டை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். இரவில் காட்டுப்பூனைக்குப் பயந்து ஒரு பெட்டைக்கோழி அலறுகிறது. பஞ்சின் தூசும் செத்தையும் தட்டிச் சுத்தம் செய்ய எழுந்த பருத்திப் பெண் ஏற்றிய சிறு விளக்கின் வெளிச்சத்தில் தன் சேவலைப் பார்த்து அமைதியடைகிறது. பெட்டையின் நடுக்கத்தை விளக்குவேன், சேவலின் சிவந்த கொண்டையை விளக்குவேன், துறை மூதின்முல்லை என்று எழுதிப்போடுவேன். இந்த நேரத்தில் அந்தப் பெண் ஏன் விழித்திருக்கிறாள் என்று ஒருமுறையும் நான் கேட்டதில்லை. சிம்னி விளக்கின் பக்கத்தில் வளர்ந்த எனக்கே கேட்கத் தோன்றவில்லை. நற்றிணையின் 353ஆம் பாட்டில் ஆண் துணையில்லாத பெண்கள் தம் உழைப்பால் நூற்ற மெல்லிய இழை வருகிறது. மலைமேல் படியும் மழைமேகத்துக்கு அது உவமை. கவிஞர் பார்த்திருக்கிறார். துணையற்ற பெண்ணுக்கு ராத்திரி வேலைதான் சோறு என்பது ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாட்டில் பதிவாகியிருக்கிறது. படித்த நாம்தான் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்னும் ஒரு சொல் இருக்கிறது. தையல். தைக்கிற வேலைக்கும் அதுதான் பெயர், பெண்ணுக்கும் அதுதான் பெயர். வைத்தீஸ்வரன் கோயில் அம்மனின் பெயர் தையல்நாயகி. ஆனால் நாட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தோடு சேர்த்து ஒழுக்கம் சொல்லிக்கொடுத்த ஆத்திசூடி, தகர ஐகாரம் வந்த இடத்தில் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, பெண்ணின் பேச்சைக் கேட்காதே என்றது. அதுவும் ஓர் ஔவையின் பெயரில். பாரதி தன் புதிய ஆத்திசூடியில் அதே எழுத்துக்குப் பெண்ணை உயர்த்தச் சொன்னான். உயர்த்த வேண்டாம். பேசுவதைக் கேட்டால் போதும்.

*

கேட்காதவர்களிடம் ஊசியைப் பற்றி ஒரு பழமொழி இருக்கிறது. ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா?

இதைக் கேட்காத தமிழ்ப் பெண் இல்லை. பாதிக்கப்பட்ட பெண்ணை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்கள் சொல்வது இது. திரைப்படத்தில் சிரிப்புக்காகச் சொல்வது இது. பெண்களே பெண்களைப் பற்றிச் சொல்வதும் உண்டு.

தைத்த கைக்குத் தெரியும், இந்தப் பழமொழியைச் சொன்னவன் ஊசியைத் தொட்டதே இல்லை. ஊசி இடம் கொடுப்பதில்லை. அதன் காதைத் துளைத்து வைத்தது பட்டறை. நூலும் தானாக நுழைவதில்லை. அதை ஈரப்படுத்தி, நுனியைத் திருகி, இன்னொரு கையில் ஊசியை அசையாமல் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒருத்தி நுழைக்கிறாள். ஊசியும் நூலும் ஆணும் பெண்ணுமல்ல. இரண்டும் ஒருத்தியின் இரண்டு கைகளில் இருக்கும் இரண்டு கருவிகள். பழமொழி அந்த ஒருத்தியை அழித்துவிட்டு, மிஞ்சிய இரும்பின் மேல் பழியைப் போடுகிறது. உழைப்பவளை மறைப்பதும் பாதிக்கப்பட்டவளைக் குற்றவாளியாக்குவதும் ஒரே வாக்கியத்தில் நடக்கின்றன. இரண்டும் வேறு வேறு வேலைகள் என்று நான் நினைக்கவில்லை.

*

இனி, ‘கைவேலை’ என்ற சொல்லுக்கு வருவோம்.

கலை வேறு கைவேலை வேறு என்ற பிரிவு இயற்கையில் இல்லை, செய்யப்பட்டது. ஐரோப்பாவில் அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை ரோசிக்கா பார்க்கர் 1984இல் ‘கலகத் தையல்’ என்று பொருள்படும் தலைப்பிட்ட தம் நூலில் காட்டினார். பூத்தையல் பெண்களுக்கு உரியதாக ஆக ஆக அது கலை என்ற இடத்திலிருந்து இறங்கியது. அதே பூத்தையலைக் கொண்டே அடக்கமான பெண் எப்படியிருக்க வேண்டும் என்பதும் கற்றுக்கொடுக்கப்பட்டது. நமக்கு இதைப் புரிந்துகொள்ள ஐரோப்பா வேண்டாம், கடைத்தெரு போதும். ஆண் தைத்தால் டெய்லர். கடை உண்டு, பெயர்ப்பலகை உண்டு, பூஜை போட்ட படம் உண்டு. பெண் அதே துணியின் மிச்ச வேலையை முடித்தால் வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்தது. விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மையும் அப்படித்தான். ஊரின் பெயர் அதில் இருக்கும். வண்ணம் தீட்டியவள் பெயர் இருக்காது.

‘கைவேலை’யில் அறிவு இல்லை என்பவர்கள் நீலகிரிக்குப் போகட்டும். தோடர் இனப் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். துணிமேல் வரைபடம் கிடையாது, சட்டம் கிடையாது. பாவிலும் ஊடையிலும் உள்ள இழைகளை விரல் நுனியால் எண்ணி எண்ணிப் போகிறார்கள். ஓர் இழை தவறினால் கோலம் முழுக்கச் சாயும். முடிந்த துணியை இருபுறமும் போர்த்தலாம். பூத்துக்குளி என்ற அந்தப் போர்வைதான் விழாவுக்கும், அதுதான் சாவுக்கும். மனத்துக்குள்ளேயே எண்ணி எழுதப்படும் இந்தக் கணக்கை யாப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அசையும் சீரும் எண்ணி வெண்பா எழுதுகிறவர் செய்வதும் இதைத்தான். 2013இல் தோடர் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. ஆனால் புவிசார் குறியீடு காப்பது ஒரு பெயரை, ஓர் இடத்தை. தைத்தவளுக்கு இன்ன கூலி என்று அது சொல்லாது. துணியின் மூலையில் அவள் பெயரையும் எழுதாது.

தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்களின் தையல் ஏறக்குறைய நின்றே போயிருந்தது. மூத்த பெண்கள் சிலருக்கு மட்டும் தையல்கள் நினைவில் இருந்தன. அங்கே பழங்குடியினருக்கான மருத்துவமனையைத் தொடங்கி நடத்திவந்த மருத்துவர் லலிதாவின் முயற்சியில் அவர்களிடமிருந்து இளையவர்கள் மீண்டும் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பெண்களின் அமைப்புக்குப் பெயர் ‘பொர்கை’. லம்பாடி மொழியில் பெருமை என்று பொருள். பெயரைக் கவனியுங்கள். வருமானம் என்று வைக்கவில்லை, சேமிப்பு என்று வைக்கவில்லை. கை மறந்துகொண்டிருந்ததை மீட்டவர்கள் தேர்ந்தெடுத்த முதல் சொல் பெருமை.

அமெரிக்காவின் அலபாமாவில் ஓர் ஆறு வளைந்தோடும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே கிழிந்த வேலைத் துணிகளை ஒட்டுப்போட்டுக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 1942இல் மிசௌரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவரின் வேலை உடைகளை எடுத்துப் போர்வையாக்கினார். அவரை நினைத்துக்கொண்டு அதற்குள் படுத்துக்கொள்ளலாம் என்றாராம். முழங்கால் தேய்ந்த இடம், பை பிரித்த இடம், எல்லாம் அதில் தெரியும். 2002இல் இந்த ஊர்ப் போர்வைகளை ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் சுவரில் மாட்டியது. பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் மாட்டியது. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலையாக்கியது. நவீன ஓவியத்துக்கு இணை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பெண்களில் சிலர், தங்களுக்குச் சேர வேண்டிய பங்கு வரவில்லை என்று நீதிமன்றம் போனார்கள். வழக்கு 2008இல் சமரசமாக முடிந்தது. கலை என்ற பட்டம் கிடைத்துவிட்டால் கூலி தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் கேட்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

சிலி நாட்டில் 1973இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவியரும் தேவாலயத்தின் ஆதரவோடு கூடி உட்கார்ந்து சாக்குத் துணியில் கந்தைகளை ஒட்டித் தைத்தார்கள். வீடு, மலை, வரிசையில் நிற்கும் பெண்கள், ‘எங்கே அவர்கள்?’ என்ற கேள்வி. பொம்பளைத் தையலில் என்ன இருக்கப்போகிறது என்ற அலட்சியம் முதலில் அவர்களுக்குக் கேடயமாக இருந்தது. துணிகள் நாட்டைத் தாண்டிப் போய்ச் செய்தி சொல்லின. எங்கள் பக்கத்து வளையமாதேவியில் 2023 ஜூலையில் விளைந்து நின்ற நெல்லின் மேல் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. தொலைக்காட்சி இரண்டு நாள் காட்டியது. எங்கள் ஊர்ப் பெண்கள் தங்கள் சேலைத் துண்டுகளில் அதைத் தைத்திருந்தால் அது இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கும். அவர்களுக்குக் கை இருக்கிறது, துணி இருக்கிறது, சொல்ல வேண்டியதும் இருக்கிறது. கொக்கி வைத்து முடிக்க வேண்டிய அடுத்தவர் ரவிக்கைகளும் இருக்கின்றன. நேரம்தான் இல்லை.

*

நேரத்துக்குக் கணக்கு உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடங்கள். ஈடுபடும் ஆண் 97 நிமிடங்கள். இதற்கு மேல்தான் ‘ஓய்வு நேரத்தில் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ என்ற விளம்பரம் வருகிறது. எந்த ஓய்வு?

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வெளிநாட்டுக் காலணிகளின் மேல்தோலை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையால் தைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. விரல் பழுத்தாலும் கண் மங்கினாலும் அது அவள் செலவு. விளக்கு அவள் செலவு, இடம் அவள் செலவு. தொழிற்சாலை தன் சுவரை உடைத்து அவள் வீட்டுக்குள் வந்துவிட்டது. தொழிற்சாலைச் சட்டம் மட்டும் வாசலிலேயே நிற்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்பவரும் தொழிலாளியே என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. 1972இலேயே அகமதாபாத்தில் இலா பட் தொடங்கிய சேவா சங்கத்தின் குரல் அதற்குப் பின்னால் இருந்தது. உடன்படிக்கைக்காகப் போராடிய பெண்களின் நாடான இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

நம் மாநிலத்தில் ஆதரவற்ற பெண்ணுக்கு அரசு இலவசத் தையல் மிஷின் தருகிறது. தரட்டும். ஆனால் மிஷினைக் கொடுக்கும் புகைப்படத்தோடு பொறுப்பு முடிந்துபோகிறது. ஒரு ரவிக்கைக்கு என்ன கூலி, யார் நிர்ணயிப்பது, பாக்கி வைத்தால் எங்கே போய்ச் சொல்வது? தையல் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. எம்மிங் செய்கிறவளுக்கு அதில் சேரலாம் என்று யாரும் சொல்வதில்லை, அவளும் தன்னைத் தொழிலாளி என்று சொல்லிக்கொள்வதில்லை. சும்மா இருப்பவளுக்கு எந்த வாரியம்? இப்போது கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு ஆரி வேலை வந்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் விலை. முதுகில் மணமகனின் பெயரைக்கூடத் தைக்கிறார்கள். நாள் முழுக்கக் குனிந்து மணி கோத்தவளின் பெயர் உள்மடிப்பில்கூட இல்லை.

*

என் தோழியரில் சிலர் இதை வேறு பக்கத்திலிருந்து மறுப்பார்கள். பெண் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கி எறிவதுதானே விடுதலை, நீ ஏன் அதற்குப் பாட்டுப் பாடுகிறாய் என்பார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரியும். பள்ளியில் தையல் வகுப்பு எங்களுக்கு மட்டும்தான். ஓட்டுத்தையல், சங்கிலித்தையல், காம்புத்தையல் என்று நோட்டில் துணியை ஒட்டிக்கொண்டிருப்போம். அந்த மணி நேரத்தில் பையன்கள் மைதானத்தில் இருப்பார்கள். அந்த நோட்டை நான் கிழித்துப் போட்டேன். இப்போதும் எனக்கு நேராகத் தைக்க வராது. அதை ஒரு வெற்றியாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு.

ஆனால் நான் ஊசியைத் தொடாமல் இருந்ததற்கு அம்மா தொட்டதுதான் காரணம். என் விடுதலை அவள் கண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. இப்போது அவளுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரிவதில்லை. தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கோக்கச் சொல்கிறாள். அவள் செய்ததை அடிமைத்தனம் என்று மட்டும் சொல்லி நகர்ந்தால், அவள் திறமையை இன்னொரு முறை அழிக்கிறேன். கலை, தவம், பொறுமையின் அழகு என்று மட்டும் சொன்னால், அவள் கழுத்து வலியையும் வராமல் போன கூலியையும் அழிக்கிறேன். இரண்டு அழிப்பும் வேண்டாம். ஊசி குற்றவாளியல்ல. யார் கையில் அது திணிக்கப்பட்டது, அதற்கு என்ன கொடுத்தார்கள், யார் பெயரை விட்டார்கள் என்பவைதான் கேள்விகள்.

ஆகவே நம் கோரிக்கைகளும் பெரிய சொற்களில் இருக்க வேண்டியதில்லை. கைத்தையலுக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்து எழுதி ஒட்டு. வீட்டிலிருந்து தைப்பவளை வாரியத்தில் தொழிலாளியாகப் பதிவு செய். கண்காட்சியில் துணியை மாட்டினால் கீழே தைத்தவள் பெயரை எழுது. தமிழ்த் துறையே, நூலும் பனுவலும் இழையும் கடன் கொடுத்தவளின் சொற்களை ஆய்வேடாக ஏற்றுக்கொள்.

மாணவிகளுக்கு ஒரு வேலை. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் ரவிக்கையோ சுடிதாரோ ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். கையால் போட்ட தையலை எண்ணுங்கள். யார் தைத்தது என்று விசாரியுங்கள். கடைக்காரர் பெயர் சொல்வார்கள்; அதற்கு மேலும் கேளுங்கள். அவளுக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேளுங்கள். அவள் உங்கள் தெருவில்தான் இருப்பாள், பெரும்பாலும் உங்கள் வீட்டிலேயே இருப்பாள். ‘சும்மாதான் இருக்கேன்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த மாணவியின் நோட்டை நான் அடுத்த கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். இந்த முறை போதுமான அளவு வாதாடுவேன். என் அம்மாவின் தொழில் தையல்.